ஹெல்த் கோச்சுகளுக்கு வீட்டுச் சமையல் பாடம்: இருபது ரெசிபி கொடுத்தும் ஏன் பலனில்லை?

கேள்வி | பாடத்திட்டம் எழுதுபவர்

வணக்கம். ஹெல்த் கோச்சுகளுக்கான பயிற்சி ஒன்றில் வீட்டுச் சமையலுக்கென்று ஆறு வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், பன்னிரண்டு பேர். திறந்த கேள்வி கேட்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவது, இலக்கு வைப்பது எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். சமையலில்தான் ஏற்றத்தாழ்வு. இருவர் தொழிலாகவே சமைத்தவர்கள். நால்வருக்கு முட்டை வேகவைப்பதற்கு மேல் தெரியாது.

இப்போதைய வரைவு: முதல் மூன்று வகுப்பு ஊட்டச்சத்து, அடுத்த மூன்று வகுப்பு செய்முறை விளக்கம், கையோடு இருபது ரெசிபி. மாதிரி உரையாடல் நடத்திப் பார்த்தால் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். கிளையண்டாக நடிப்பவர் "சமைக்க நேரமில்லை" என்று சொன்னதும் கோச் ஒரு பதினைந்து நிமிட ரெசிபியை நீட்டுகிறார். எதிரில் இருப்பவர் "சரி, செய்து பார்க்கிறேன்" என்கிறார். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ரெசிபி அடுப்புக்குப் போகாது என்பது இருவருக்குமே தெரியும்!

கோச்சுக்குச் சமையல் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? ரெசிபிக்குப் பதில் என்ன பேச வேண்டும்? உணவியல் நிபுணரின் வேலைக்குள் காலை வைக்காமல் எங்கே நிறுத்திக்கொள்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் | கோச்சிங் மேற்பார்வை

வரைவில் ரெசிபி எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் சிக்கல். ஒரு வேளைச் சாப்பாடு தட்டுக்கு வருவதற்குள் எத்தனை வேலை இருக்கிறது பாருங்கள்: என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும், வீட்டில் இருப்பதைப் பார்க்க வேண்டும், இல்லாததை வாங்க வேண்டும், கெடாமல் வைக்க வேண்டும், கழுவி நறுக்க வேண்டும், அடுப்பில் ஏற்ற வேண்டும், சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவ வேண்டும், மீந்ததை எடுத்துவைக்க வேண்டும். ரெசிபி உதவுவது இந்தச் சங்கிலியின் நடுவில் ஓரிரு கண்ணிகளுக்குத்தான். சங்கிலி அறுவது பெரும்பாலும் வேறு இடத்தில்.

"நேரமில்லை" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அதன் பொருள், மாலை வீட்டுக்குள் நுழையும்போது என்ன செய்வதென்ற முடிவு கையில் இல்லை என்பது. இன்னொருவருக்கு, தொட்டியில் காலைப் பாத்திரம் கிடக்கிறது, அதைக் கழுவாமல் சமைக்க இடமில்லை என்பது. மூன்றாமவர் நறுக்குவதில் மெதுவானவர். ரெசிபி பத்து நிமிடம் என்று சொல்வது அவர் கையில் முப்பது நிமிடம். நான்காமவருக்கு நேரம் இருக்கிறது, தெம்பு இல்லை. நாலு பேருக்கும் பதினைந்து நிமிட ரெசிபியைக் கொடுத்தால் நாலு பேருக்கும் பயனில்லை.

எனவே முதல் வகுப்பில் கற்றுத்தர வேண்டியது கண்ணியைக் கண்டுபிடிக்கும் கேள்வி. "வழக்கமாக எப்படிச் சமைப்பீர்கள்?" என்று கேட்டால் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறாரோ அதைச் சொல்வார். ஒரு குறிப்பிட்ட நாளைக் கேளுங்கள்: "சமைக்க நினைத்து, கடைசியில் சமைக்காமல் போன ஒரு நாளைச் சொல்லுங்கள். வாசல் கதவைத் திறந்ததிலிருந்து வரிசையாக என்ன நடந்தது?" பிறகு அதற்கு நேரெதிரான நாள்: "சமைத்துச் சாப்பிட்ட நாளில் எது வேறாக இருந்தது?" இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் தீர்வு பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும், அதுவும் கிளையண்ட் தானே கண்டுபிடித்த தீர்வாக.

உங்கள் குழு சறுக்கும் இடத்துக்கு வருவோம். தவறைக் கண்டதும் ஓடிப்போய்த் திருத்தத் துடிப்பது மனித இயல்பு. உளவியலாளர்கள் வில்லியம் மில்லர், ஸ்டீஃபன் ரோல்னிக் இருவரும் வளர்த்தெடுத்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறையில், அதாவது மாறுவதற்கான காரணத்தை எதிரில் இருப்பவரே சொல்ல வைக்கும் பேச்சு முறையில், இந்தத் துடிப்பைத் தனியாகவே எடுத்துப் பேசுவார்கள். சமையல் பேச்சில் இந்தத் துடிப்பு இரட்டிப்பாகும், ஏனென்றால் எல்லோரிடமும் ஒரு குறிப்பு கைவசம் இருக்கிறது. நன்றாகச் சமைக்கத் தெரிந்த அந்த இருவரைக் கூடுதலாகக் கவனியுங்கள். அதிகம் நீட்டுவது அவர்களாகத்தான் இருக்கும்.

பயிற்சி இப்படி: மூவர் மூவராக நான்கு குழு. கிளையண்டாக இருப்பவருக்கு ஒரு சீட்டு. அதில் வெளியே சொல்லும் காரணமும் உள்ளே மறைந்திருக்கும் உண்மைக் கண்ணியும் எழுதியிருக்கும். உதாரணமாக வெளியே "பிள்ளைகளுக்குக் காய் பிடிக்காது". உள்ளே "வாங்கிய காய் மூன்றாம் நாள் வாடிவிடுகிறது, வீணாவது உறுத்துகிறது". கோச் பத்து நிமிடம் பேசலாம், ரெசிபியோ குறிப்போ சொல்லக் கூடாது. மூன்றாமவர் இரண்டு கோடு போட்டு எண்ணுவார்: கேள்வி எத்தனை, கேட்டதைத் திருப்பிச் சொன்னது எத்தனை. அந்த நேர்காணல் முறையின் மதிப்பீட்டில் ஒரு கேள்விக்கு ஒருமுறை திருப்பிச் சொன்னால் பரவாயில்லை, இரண்டு முறை என்றால் நன்று. முதல் சுற்றில் கேள்விகளே மிஞ்சும். கவலைப்பட வேண்டாம், எண்ணிக்கையைக் காட்டினாலே அடுத்த சுற்றில் மாறும்.

தகவல் தரவே கூடாதா? தரலாம். கேள், சொல், கேள் என்ற வரிசையில். "உலர்ந்த பயறு வேகவைப்பது பற்றி என்ன தெரியும்?" பிறகு அனுமதி: "ஒரு வழி சொல்லலாமா?" இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகாமல் சொல்லிவிட்டு, "இது உங்கள் சமையலறையில் எப்படிப் பொருந்தும்?"

கடைசியாக இலக்கு. "இந்த வாரம் ஆரோக்கியமாகச் சமைப்பேன்" என்பது இலக்கே இல்லை. "செவ்வாய் மாலை வந்து கை கழுவியதும், ஃப்ரிட்ஜில் இருக்கும் வெந்த பயறில் இரண்டு கைப்பிடி ஃப்ரீசரில் உறைந்த காய்கறி போட்டுச் சூடாக்குவேன்" என்பது இலக்கு. எப்போது, எதற்குப் பிறகு, என்ன, எவ்வளவு என்று நான்கும் இருக்கிறது. சொல்லி முடித்ததும் 0 முதல் 10 வரை எவ்வளவு நம்பிக்கை என்று கேளுங்கள். 5 என்றால் "ஏன் 3 இல்லை?" என்று கேட்க வேண்டும். "ஏன் 8 இல்லை?" என்று தொடங்கினால் தடைகளின் பட்டியல்தான் கிடைக்கும். 7க்குக் கீழே நின்றால் உற்சாகமூட்டி மேலே தள்ளாதீர்கள், இலக்கைச் சின்னதாக்குங்கள்.

---

பதில் | சமையல் ஆசிரியர்

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் கேள்வி கேட்கும் திறமை மட்டும் இருந்து சமையல் தெரியாத கோச் ஒரு கட்டத்தில் கைவிரிக்க வேண்டிவரும். "செய்து பார்த்தேன், சரியா வரலை" என்று கிளையண்ட் திரும்பி வரும் கட்டம் அது. அங்கே "அது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் அவர் அடுத்த தடவை போனை எடுக்க மாட்டார்.

இருபது ரெசிபியைத் தூக்கிப் போடுங்கள். நான்கு முறைகள் போதும்: தானியம் வேகவைப்பது, பயறு வேகவைப்பது, காய்கறியைத் தட்டில் பரப்பி ஓவனில் வாட்டுவது, அகன்ற கடாயில் வதக்குவது. ஒவ்வொன்றையும் ஒருமுறை சரியாகவும் ஒருமுறை வேண்டுமென்றே தவறாகவும் செய்ய வைக்க வேண்டும். கோச்சுக்கு வேண்டியது கைவண்ணம் இல்லை, பழுது பார்க்கத் தெரிவது.

ஓவன் முறை. 500 கிராம் காய், 2 செ.மீ. துண்டுகள், 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 220 டிகிரி செல்சியஸ், 25 முதல் 30 நிமிடம், பதினைந்தாவது நிமிடத்தில் ஒருமுறை புரட்ட வேண்டும். இதையே மூன்று விதமாகக் கெடுங்கள்: ஒரு தட்டில் 1 கிலோவைக் குவித்து, இன்னொன்றில் கழுவிய ஈரத்தோடு, மூன்றாவதில் 160 டிகிரியில். மூன்றுமே நிறம் மாறாமல் தொளதொளவென்று வரும். காரணம் ஒன்றுதான். காயின் மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் வேகமாக உருவாக சுமார் 140 டிகிரி வேண்டும். குவியலில் கிளம்பும் ஆவி வெளியேற வழியில்லாமல் காயை அவித்துவிடுகிறது. "எனக்குக் காய் பிடிக்காது" என்பவர்களில் கணிசமானோர் இப்படி அவிந்து போன காயை மட்டுமே சாப்பிட்டவர்கள். ஓவன் இல்லாதவருக்கு 28 செ.மீ. கடாய், ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் வேண்டாம், மூடியும் வேண்டாம்.

கடாய். ஒட்டிக்கொள்கிறது என்றால் ஒன்று கடாய் போதுமான சூடாகவில்லை, இல்லை போட்டவுடனே கிளற ஆரம்பித்துவிட்டார். கோழியோ மீனோ அடியில் மேலோடு கட்டியதும் தானாக விடும். அதுவரை தொடக் கூடாது. பூண்டு கசக்கிறது என்றால் வெங்காயத்தோடு சேர்த்தே போட்டிருப்பார். பொடியாக நறுக்கிய பூண்டுக்குச் சூடான எண்ணெயில் ஒரு நிமிடமே அதிகம்.

வெங்காயம் என்றதும் ஒன்று. ரெசிபிகளில் "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும், 5 நிமிடம்" என்று போட்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடி போல் ஆகத் தொடங்கும், அவ்வளவுதான். நன்றாகக் குழைய பத்து நிமிடம். நல்ல பழுப்பு நிறத்துக்கு இருபதுக்கு மேல். பொய்யான நேரத்தை நம்பி ஆரம்பித்தவர் தனக்குச் சமையல் வராது என்று முடிவுகட்டிவிடுவார். ஆகவே கோச்சுகளுக்கு ஒரு வழக்கத்தைப் பழக்குங்கள்: எந்தப் புது ரெசிபிக்கும் முதல் தடவை எழுதியிருக்கும் நேரத்தின் இரு மடங்கை ஒதுக்கச் சொல்வது. விடுமுறை நாளில் முதல் முயற்சி, வேலை நாளில் இரண்டாவது.

பயறு. ஒரு கப் உலர்ந்தது வெந்தால் இரண்டரை முதல் மூன்று கப். வேகவில்லை என்று புகார் வந்தால் வரிசையாகக் கேட்க வேண்டியவை: எவ்வளவு பழசு, கடினத் தண்ணீரா, தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பை முன்னாலேயே சேர்த்தாரா. புளிப்பு தோலையும் உட்பகுதியையும் இறுக்கி வைத்துக்கொள்ளும். பயறு மெத்தென்று ஆன பிறகுதான் சேர்க்க வேண்டும். உப்பு போட்டால் வேகாது என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் இன்னும் மென்மையாகத்தான் ஆகிறது.

தானியத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: அளவை இரட்டிப்பாக்கும்போது தண்ணீரையும் அப்படியே இரட்டிப்பாக்கினால் குழைந்துவிடும். தானியம் உறிஞ்சுவது இரட்டிப்பாகும், அதே பாத்திரத்திலிருந்து ஆவியாவது அப்படிக் கூடாது.

எண்ணெய், உப்பு இரண்டையும் ஒரு வாரம் மட்டும் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 120 கிலோகலோரி. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுபவர் தான் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று அறிந்திருப்பதில்லை. உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. ஒரு டீஸ்பூன் பொடியுப்பு கிட்டத்தட்ட 6 கிராம், ஆக வரம்பு ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. அதிலும் கடையில் வாங்கும் ரொட்டி, சாஸ், நொறுக்குத்தீனியில் இருக்கும் உப்பும் அடக்கம். குறைக்கும்போது சப்பென்று இருக்கிறது என்பார்கள். அடுப்பை அணைத்த பிறகு கொஞ்சம் புளிப்பு சேர்த்தால் உப்பு கூடுதலாக இருப்பது போலவே நாக்குக்குத் தெரியும்.

கத்திக்கு அரை மணி நேரம் போதும். பலகைக்கு அடியில் ஈரத்துணி, பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும், உருளும் காயை முதலில் பாதியாக வெட்டித் தட்டையான பக்கத்தைக் கீழே வைக்க வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் அழுத்தம் கூடும், வழுக்கும், விரல் போகும்.

---

பதில் | உணவியல் நிபுணர்

முதலில் ஒரு மறுப்பு. "ஒரு வாரம் அளந்து ஊற்றச் சொல்லுங்கள்" என்பதை எல்லோருக்குமான பொது ஆலோசனையாக வைக்காதீர்கள். உணவோடு ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருப்பவருக்கு, அதாவது உணவுக் கோளாறு இருந்தவருக்கோ அதன் அறிகுறி உள்ளவருக்கோ, தராசும் கலோரிக் கணக்கும் தீங்கு. வேளைகளைத் தவிர்ப்பது, ஒரு உணவு வகையை முழுக்க ஒதுக்குவது, சாப்பிட்ட பிறகு குற்ற உணர்வு, பிறர் முன்னால் சாப்பிட மறுப்பது ஆகியவை பேச்சில் தென்பட்டால் கோச் அளவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி மருத்துவரிடமோ எங்களிடமோ அனுப்ப வேண்டும்.

எல்லைக் கேள்விக்கு நேரான பதில். எப்படிச் சமைப்பது, எப்படித் திட்டமிடுவது, எப்படிப் பழக்கமாக்குவது கோச்சின் வேலை. நோய்க்காக எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சொல்வது அவருடைய வேலை இல்லை. "காய்கறியும் பழமும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராம்" போன்ற பொதுப் பரிந்துரையைப் பகிரலாம். "உங்கள் சர்க்கரைக்கு இவ்வளவுதான் சோறு" என்று சொல்லக் கூடாது.

ஆனால் நடைமுறையில் ஆபத்து வருவது இப்படிப் பட்டவர்த்தனமாக இல்லை. "ஆரோக்கியமான சமையல் மாற்றம்" என்ற பெயரில்தான் நுழைகிறது. கோச்சுகள் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை சில:

சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், ஏசிஇ தடுப்பான், ஏஆர்பி வகை ரத்த அழுத்த மாத்திரை அல்லது ஸ்பைரோனோலாக்டோன் என்ற சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம். மருத்துவரைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் திடீரென்று தினமும் கீரை சாப்பிட ஆரம்பித்தால் வைட்டமின் கே கூடி மருந்தின் வேகம் குறையும். கீரை கூடாது என்பதல்ல, வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் மாவுச்சத்தைச் சட்டென்று பாதியாக்கினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டியவரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் உணவை மாற்ற வேண்டும்.

ஆகவே முதல் சந்திப்புக்கு முன்னாலேயே மூன்று கேள்விகள் படிவத்தில் இருக்கட்டும்: என்ன மருந்து, என்ன ஒவ்வாமை, உணவு பற்றி மருத்துவர் ஏற்கெனவே சொன்ன கட்டுப்பாடு உண்டா. கர்ப்பம், விழுங்குவதில் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல் இவற்றுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

பாதுகாப்பைத் தனி வகுப்பாக வைக்காமல் ஒவ்வொரு செய்முறைக்குள்ளும் சேருங்கள். கோச்சுகள் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் சமைத்து வைக்கும் யோசனையை விரும்பிச் சொல்வார்கள்; அதில்தான் தவறும் அதிகம். சமைத்தது அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பெரிய பாத்திரத்தோடு உள்ளே தள்ளினால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 செ.மீ. ஆழத்துக்கு மிகாத தட்டையான டப்பாக்களில் பிரிக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள். அதற்கு மேல் வேண்டியதை முதல் நாளே ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில்.

சோற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சோறு வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் சரி" என்ற நம்பிக்கை இங்கே வேலைக்கு ஆகாது. சீக்கிரம் ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுவது நல்லது.

இன்னொன்று, சிவப்பு ராஜ்மா. மெதுவாகச் சமைக்கும் மின்பானையில் பச்சையாகப் போடுவது நடக்கிறது. ராஜ்மாவில் உள்ள லெக்டின் நச்சு குறைந்த வெப்பத்தில் அழியாது; அரைவேக்காடாக இருந்தால் சில மணி நேரத்தில் கடும் வாந்தி. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் கொதிநிலையில் வேகவைக்க வேண்டும். கொதிக்கும் நேரம் 10 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, 30 நிமிடம் என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. அதன் பிறகு எந்தப் பானையிலும் போடலாம். டப்பாவில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம். தெறிக்கும் துளிகளில் கிருமி தொட்டியெங்கும் பரவும். வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தடித்த இடத்தில் வெப்பமானி 74 டிகிரி காட்ட வேண்டும்.

---

தொடர் கேள்வி | பாடத்திட்டம் எழுதுபவர்

மூவருக்கும் நன்றி. முன்னாலேயே கேட்கும் அந்தப் படிவத்தை உடனே சேர்த்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் கோச்சுகளில் பலர் வீடியோ அழைப்பில்தான் வேலை செய்யப் போகிறார்கள். கூடவே சமைக்கும் அமர்வை எப்படி நடத்துவது? இரண்டாவது, கிளையண்ட் சமைப்பதே இல்லை, வீட்டில் வேறொருவர் சமைக்கிறார் என்றால்?

---

பதில் | ஆன்லைன் சமையல் அமர்வு நடத்துபவர்

வீடியோ அமர்வு கெட்டுப்போவது பெரும்பாலும் அழைப்பு தொடங்குவதற்கு முன்னால். இரண்டு நாள் முன்பே ஒரு பட்டியல் அனுப்பி, முந்தின நாள் எல்லாவற்றையும் மேடையில் எடுத்துவைத்து ஒரு போட்டோ கேளுங்கள். போட்டோவில் கடாய் சின்னதாக இருக்கிறதா, கத்தி எப்படி, பலகை இருக்கிறதா, எந்த அடுப்பு என்பதெல்லாம் தெரிந்துவிடும். மாற்ற வேண்டியதை அப்போதே மாற்றலாம்.

45 நிமிட அமர்வுக்கு ஒரே ஒரு பதார்த்தம். அழைப்பில்லாமல் தனியாகச் செய்தால் 25 நிமிடத்தில் முடியக்கூடியது எதுவோ அதுவே அளவு. இரண்டாவது பதார்த்தத்தைச் சேர்த்தால் கடைசிப் பத்து நிமிடம் ஓட்டமாகிவிடும், பேச வேண்டிய இடமே அதுதான்.

கேமரா முகத்தைக் காட்ட வேண்டாம். அடுப்புக்குப் பக்கவாட்டில், மேடைக்கு ஒன்றரை அடி உயரத்தில், பலகையும் கடாயும் ஒருசேரத் தெரியும்படி. ஆவி படாத தூரம் வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் மங்கிவிடும். புகைபோக்கி மின்விசிறி ஓடினால் குரல் கேட்காது, ஒரு காதில் மட்டும் இயர்போன் போடச் சொல்லுங்கள். கத்தி கையில் இருக்கும்போது கோச் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் அவர் திரையைப் பார்ப்பார்.

கோச்சும் சமைக்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேண்டாம் என்பதே என் பக்கம். கோச் சமைத்தால் அது செய்முறை விளக்கமாகிவிடுகிறது. கிளையண்ட் திரையில் இருப்பதோடு தன் கடாயை ஒப்பிட்டுக் கவலைப்பட ஆரம்பிக்கிறார். கோச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் "இப்போது என்ன சத்தம் கேட்கிறது? அடியில் என்ன நிறம்?" என்று கேட்க முடியும். கடாயில் சலசலப்பு அடங்கி வெடிப்பது போன்ற சத்தம் வந்தால் தண்ணீர் வற்றிவிட்டது, இனி நிறம் மாறும் என்பதை அவர் காதால் கற்றுக்கொள்வார். நேரத்தைச் சொல்லாமல் அறிகுறியைச் சொல்வது வீடியோவில் இன்னும் முக்கியம், ஏனென்றால் இரண்டு வீட்டு அடுப்பும் ஒரே சூட்டில் எரிவதில்லை.

முடிந்ததும் பாத்திரம் கழுவும்வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள். மேற்பார்வையாளர் சொன்ன சங்கிலியில் அந்தக் கண்ணி அறுந்திருந்தால் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அடுப்பில் ஏதாவது தானாக வேகும் நேரத்தில் கழுவத் தொடங்கும் பழக்கத்தை அங்கேயே உண்டாக்கலாம். மூன்றாம் நாள் ஒரே வரிச் செய்தி: "மறுபடி செய்தீர்களா, எந்த இடத்தில் நின்றது?"

வேறொருவர் சமைக்கும் வீடு. இங்கே கோச்சுகள் சமைப்பவரைத் தடையாகப் பார்க்கிறார்கள், கிளையண்டின் வாயாலேயே "எண்ணெயைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்று கட்டளை அனுப்புகிறார்கள். சமைப்பவருக்கு அது குறை சொல்வதாகவே கேட்கும், அடுத்த வாரமும் அதே எண்ணெய். கிளையண்டின் ஒப்புதலோடு சமைப்பவரையும் ஒரு அமர்வுக்கு அழையுங்கள். அவரிடம் முதல் கேள்வி, "இந்த வீட்டுச் சமையலில் எதை மாற்றவே கூடாது?" அது தெரிந்தால் மிச்சத்தில் எங்கே இடம் இருக்கிறது என்று அவரே காட்டுவார். கூடவே கிளையண்ட் சங்கிலியில் ஒரு கண்ணியை எடுத்துக்கொள்ள வேண்டும்: வாங்குவதோ, காய் நறுக்கி டப்பாவில் வைப்பதோ, மீந்ததைப் பிரித்து வைப்பதோ. வேலை எதுவும் எடுக்காமல் மாற்றம் மட்டும் கேட்பவருக்கு எந்தச் சமையலறையிலும் மரியாதை கிடைக்காது.

தட்டிலும் கொஞ்சம் மாற்றலாம், யாருடைய சமையலையும் தொடாமல். காயை முதலில் பரிமாறிக்கொள்வது, உப்புள்ள தொடுகறியைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது போல.

---

பதில் | சமையல் ஆசிரியர்

அளப்பது பற்றி உணவியல் நிபுணர் சொன்னதை ஏற்கிறேன். படிவத்தைப் பார்த்த பிறகே தராசு என்று மாற்றிக்கொள்ளுங்கள். உணவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பவரோடு வேலை செய்யும்போது எண்ணெய்க்குக் கலோரி சொல்லாமல் "கடாயின் அடி பளபளத்தால் போதும், தேங்க வேண்டாம்" என்று கண்ணளவு சொன்னாலே வேலை நடக்கும்.

ஆறு வகுப்பை நான் பிரிப்பதானால்: முதல் வகுப்பு முழுக்கச் சங்கிலியும் சீட்டுப் பயிற்சியும், அடுப்பே வேண்டாம். இரண்டாவதில் கத்தி, தானியம், ஆறவைத்து எடுத்துவைப்பது. மூன்றாவதில் பயறு, ஆனால் ஊறவைப்பதை முந்தின நாளே வீட்டில் செய்துவர வேண்டும். மறந்து வருபவர்கள் இருப்பார்கள், அதுவும் பாடம்தான். நான்காவது ஓவனும் கடாயும், கெடுத்துப் பார்க்கும் வகுப்பு. இதற்கு இரண்டு மணி நேரம் பற்றாது, முடிந்தால் மூன்றாக்குங்கள். ஐந்தாவதில் மருந்து, எல்லை, அனுப்பிவைக்கும் பேச்சு. ஆறாவது தேர்வு.

நீங்கள் ஒதுக்கிய மூன்று ஊட்டச்சத்து வகுப்புகள் எங்கே என்று கேட்பீர்கள். ஊட்டச்சத்து அவர்களுக்கு வேறு பாடத்தில் வராமலா இருக்கும்? வரவில்லை என்றால் படிக்க எழுதிக் கொடுங்கள், அடுப்பு நேரத்தில் கைவைக்காதீர்கள்.

தேர்வுக்கு ஒரு யோசனை. கெட்டுப்போன நான்கு பதார்த்தங்களை மேடையில் வையுங்கள்: அவிந்த காய், வேகாத பயறு, கசந்த பூண்டு, குழைந்த சோறு. ஒவ்வொன்றையும் செய்த "கிளையண்ட்" பக்கத்தில் நிற்பார். கோச்சுக்கு ஏழு நிமிடம். எப்படிச் செய்தார் என்று கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அடுத்த முயற்சிக்கு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் கிளையண்டின் வாயிலிருந்து வரவைக்க வேண்டும். காரணம் சரியாக இருந்தும் மாற்றத்தைக் கோச்சே சொல்லிவிட்டால் பாதி மதிப்பெண். மூன்று மாற்றம் சொன்னால் பூஜ்யம்.

---

பதில் | உணவியல் நிபுணர்

அந்த மேடையில் ஐந்தாவதாக, பார்த்தால் கெடாதது போலவே இருக்கும் பதார்த்தம் ஒன்றையும் வையுங்கள். சுவை, நிறம் எல்லாம் சரி. "கிளையண்ட்" அது இரவு முழுவதும் அடுப்பின் மேலேயே இருந்ததாகப் பேச்சுவாக்கில் சொல்வார். சிறுநீரக மாத்திரை எடுப்பதாகவும் உப்பை மாற்றியதாகவும் இன்னொரு வரி. இரண்டையும் காதில் வாங்காமல் பாராட்டிவிட்டு நகரும் கோச்சை மற்ற நான்கிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் தேர்ச்சி செய்யாதீர்கள்.